தாய்மாமன் கடன்

வங்கிக்கு இளம்பரிதி கட்ட வேண்டிய வீட்டுக் கடன் அவனை இம்மியும் இழுக்கவில்லை என்று இயந்திரம் சொல்லிவிட்டது. நான்கு தவணை பாக்கி. வங்கி அனுப்பிய எச்சரிக்கைகளை அவன் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அப்படியும் இழுவை சுழியம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. கடனைப் பற்றிக் கவலைப்படாத ஜென்மம் என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

எதிரே உட்கார்ந்திருந்த ஹெப்சிபா தங்கராஜ் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. வான்காவல் நிலையத்தின் காப்புத் தகுதி அதிகாரி அவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவர் மூன்றாம் மாடிக்குப் போக முடியும். நாட்டின் ரகசியச் செயற்கைக்கோள்களை நகர்த்துவது அந்த மூன்றாம் மாடியில்தான். இளம்பரிதி அங்கே தலைமைப் பொறியாளன். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அம்மாளின் முன்னால் உட்கார்ந்து நல்லபடியாக எழுந்தால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும்.

பழைய காலத்தில் இதற்கெல்லாம் படிவம் இருந்தது. கடன் எவ்வளவு, வெளிநாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கடன்காரனை எதிரி விலைக்கு வாங்கலாம், வெளிநாட்டில் பிள்ளை இருப்பவனைப் பிள்ளையைக் காட்டி மிரட்டலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கோடிக்கணக்கில் கடன் வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறவனும் உண்டு, கைமாற்றாக வாங்கிய ஐந்நூறுக்காகத் தெரு மாறி நடக்கிறவனும் உண்டு. படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இழுவைமானிக்குத் தெரியும். தலையில் வலை போன்ற ஒரு தொப்பியை மாட்டி, ஒவ்வொரு பெயராகக் காதில் சொல்லி, எந்தப் பெயருக்கு மனசு எவ்வளவு இழுபடுகிறது என்று அது எண் போட்டுவிடும். பத்துக்கு மேல் போனால் ஆள் வெளியே போக வேண்டியதுதான்.

மனைவி தாமரைச்செல்வி உள்நாட்டு ஆள் என்பதால் கணக்கில் இல்லை. துபாயில் இருந்த பள்ளித் தோழன் ஒருவன் இரண்டு வாங்கினான். கடைசியாக இயந்திரம் ‘மங்கையர்க்கரசி குணாளன்’ என்றது. ஹெப்சிபா தன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை அவன் பக்கம் திருப்பினார். அறுபத்து மூன்று.

அவனுடைய தங்கை. மலேசியாவில் கிள்ளான் நகரத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் குணாளன் கீரமங்கலத்துக்காரன். பிழைக்கப் போன இடத்தில் அவன் குடியுரிமை வாங்க, இவளும் வாங்கிக்கொண்டாள்.

இயந்திரம் பழுது என்று இளம்பரிதி சொல்லிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மாட்டினார்கள். அறுபத்து மூன்றேதான் வந்தது. மலேசியா என்ன எதிரி நாடா என்று கேட்டான். அவன் குரல் உயர்ந்துவிட்டது.

“அந்தக் கேள்வி எனக்குத் தேவையில்ல சார்” என்றார் ஹெப்சிபா. “வெளிநாட்டுக் குடியுரிமை, கூடப் பிறந்த உறவு, அறுபத்து மூணு. எவனாவது உங்க தங்கச்சியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஒரு கோளோட பாதையைக் கேட்டா நீங்க குடுத்துருவீங்க. இந்த எண்ணுக்கு அதுதான் அர்த்தம்.”

“அவளுக்காகவா? பெத்த தாய் செத்ததுக்கே வராதவ மேடம் அவ. அவகூடப் பேசியே வருஷக்கணக்காச்சு. அவமேல எனக்குக் கோபம்தான் இருக்கு, வேற ஒண்ணுமில்ல.”

“கோபம் இழுக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? பிடிக்காதவங்களை நினைக்கிற அளவுக்கு நாம வேற யாரை நினைக்கோம்?”

அவன் சொன்னது பொய்யில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது தங்கைக்குச் சேதி போயிற்று. அவள் வரவில்லை. அம்மா போனபோதும் சேதி போயிற்று. ‘வரும் நிலையில் இல்லை, காரியங்களை நல்லபடியாக முடிக்கவும்’ என்று ஒரு வரி வந்தது. ஏதோ அலுவலகத்தில் லீவு மறுத்து எழுதுவது போல ஒரு வரி. நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வந்து நிற்பதுதான் மனுஷத்தனம் என்று நினைக்கிற ஊர் அவர்களுடைய பேராவூரணிப் பக்கம். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்தபோது அவளையும் சேர்த்துத் தலைமுழுகிவிட்டதாகத்தான் இளம்பரிதி நினைத்திருந்தான்.

ஹெப்சிபா எண்ணைப் பிரித்துக் காட்டினார். பாசம் ஒரு பங்கு, கோபம் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் கடன் என்று திரை சொன்னது. அவளிடம் பத்துப் பைசா வாங்கியதில்லை என்றான் அவன்.

“நான் பணத்தைச் சொல்லலை. போன மாசம் உங்களுக்கு ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்துருக்கு. உங்க தங்கச்சி பொண்ணுக்கு. தாய்மாமன் இளம்பரிதி மடியில வச்சுன்னு உங்க பேரைப் போட்டு. நீங்க பதில் போடலை. அதுக்கப்புறம்தான் இந்த எண் கிடுகிடுன்னு ஏறியிருக்கு.”

அவன் தபாலை அவர்கள் படிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தப் பத்திரிகையை அந்த அம்மாள் வாயால் கேட்டபோது யாரோ சட்டையைக் கழற்றியது போலக் கூசியது. பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சீர் கொண்டுவந்து வைப்பவனும் அவன்தான். தாய்மாமன் உயிரோடு இருந்து மடி கொடுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை நாதியற்ற பிள்ளை. அக்காள் தங்கையோடு வெட்டுக்குத்து என்று இருக்கிறவன்கூட அன்றைக்கு ஒரு நாள் வந்து மடியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கை நனைக்காமல் திரும்பிப் போவான். இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரிகையைப் பார்த்ததும் மூடி வைத்தவன், மூடியதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சீரை அனுப்பிக் கடனை முடித்துவிடுகிறேன் என்றான். அனுப்பினால் வெளிநாட்டுப் பொருள் பரிமாற்றம், தகுதி போய்விடும் என்றார் ஹெப்சிபா. நேரில் போனால் வெளிநாட்டுத் தொடர்பு, அதற்கும் போய்விடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் தீராத கடன், அதற்கும் போய்விடும். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்கிற கழுதை இதைவிட மேல். அது இரண்டு பக்கம்தான்.

“போன தடவையும் இதே தங்கச்சிதானே இருந்தா? எப்படிப் பாஸ் பண்ணுனீங்க?”

“போன தடவை விதி வேற. நூலுக்கு ரெண்டு முனை உண்டுல்லா. உங்களுக்கு அவங்க மேல எவ்வளவு, அவங்களுக்கு உங்க மேல எவ்வளவுன்னு எடுத்து, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினோம். ஒன்பதரை வந்துச்சு. இப்போ உங்க முனையை மட்டும் பார்த்தாப் போதும்னு உத்தரவு.”

அவளுடைய எண் என்ன என்று கேட்டான். சொல்லக் கூடாது என்றார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. போன முறை அவனுடைய எண் பத்தொன்பது. அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பத்தொன்பதில் பாதி ஒன்பதரை. கோள்களின் பாதையைக் கணக்குப் போடுகிறவனுக்கு இது ஒரு கணக்கா?

சுழியம். கூடப் பிறந்த தங்கைக்கு அண்ணன் மேல் சுழியம். அவனுக்கு வங்கியின் மேல் இருந்த அதே சுழியம்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஹெப்சிபா கண்ணைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் கண்ணைத் திருப்பி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்கிற எரிச்சல் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

“ஒரு வழி இருக்கு சார்” என்றார். “அறுத்துரலாம். எந்த இடம் இழுக்குதுன்னு கண்டுபிடிக்கிற அதே தொப்பி அந்த இடத்தைச் சுட்டுப் பொசுக்கியும் விட்டுரும். அரை நாள் வேலை. வலி கிடையாது. எதுவும் மறக்காது. தங்கச்சி பேரு, முகம், சின்ன வயசுல நடந்தது எல்லாம் அப்படியே இருக்கும். இழுக்காது, அவ்வளவுதான். உங்க வீட்டுக் கடன் மாதிரி.”

“திரும்ப ஒட்டுமா?”

“ஒட்டாது.”

“நல்லதாப் போச்சு. எப்போ வரணும்?” என்றான் இளம்பரிதி.

தாமரைச்செல்வியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, அறுத்துவிட்டு வாருங்கள், ஒரு பீடை கழியட்டும் என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. மாமியாரைக் கடைசி நாட்களில் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, எல்லாம் செய்தவள் அவள்தான். மகள் இருக்க மருமகள் செய்தாள் என்று ஊர் மெச்சியதை அவள் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் எங்கே என்றுதான் கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“சுழியமாம்ல?” என்றாள். “பாத்தீங்களா? இத்தனை நாளா தங்கச்சியைப் பத்தி நான் ஒரு சொல்லு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இப்ப மெஷினே சொல்லிருச்சு.”

வேலை போனால் நிலையத்துக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். தகுதி இழந்தவன் என்று பெயர் வந்துவிட்டால் வெளியில் எவனும் வேலை தரமாட்டான். தவணை பாக்கி வைத்த வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எதுவும் தப்பில்லை. ஒரு மனிதன் தலையைச் சுட்டுக்கொள்ளப் போவதற்கு இவ்வளவு சரியான காரணங்கள் அமைந்துவிடுவதுதான் கொடுமை.

அறுக்கும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சாய்வு நாற்காலி, ஒரு திரை, சுவரில் கடிகாரம்கூடக் கிடையாது. தொப்பியை மாட்டிய பெண் யாரோ புதியவள். ஹெப்சிபா ஓரமாக நின்றார். முதலில் இழுக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும், அதற்கு அந்த ஆளின் குரல் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும் என்றார்கள். பழைய தொலைபேசிக் கிடங்கிலிருந்து ஏதோ ஒரு குரல் பதிவை எடுத்து வைத்திருந்தார்கள். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்ததாக இருக்க வேண்டும்.

“அண்ணே, கரண்டு பில்லு கட்டலியாமே? அம்மா வெளக்கில்லாம ஒக்காந்துருக்குன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பணம் இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் இங்கேருந்தே கட்டிட்டேன். ராத்திரிக்குள்ள வந்துரும். வீராப்புக்கு இருட்டுல குந்திக்கிட்டு இருக்காதே. சாப்ட்டியா?”

அவ்வளவுதான். ஒரு கரண்டு பில். இதைப் போய் எடுத்து வைத்திருக்கிறார்களே என்று இளம்பரிதிக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பெண் இன்னொரு தடவை போடுகிறேன் என்றாள். இன்னொரு தடவை ‘சாப்ட்டியா’ கேட்டது. சுழியம் என்கிறவள் இப்படிக் கேட்பாளா? அல்லது இப்படிக் கேட்டவள் எப்போது சுழியமானாள்? அதை அவளிடமே கேட்க வேண்டும் என்று தோன்றியது. மடியைக் கொடுத்து, சீரை அவள் முகத்துக்கு நேரே வைத்து, நான் என் கடனைத் தீர்த்துவிட்டேன், அம்மாவுக்கு நீ பட்ட கடனை எப்படித் தீர்க்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சுட்டுவிட்டால் கேட்கத் தோன்றாது. கேட்கத் தோன்றாத மனிதனாகத் தான் வீட்டுக்குப் போவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

தொப்பியைப் பிடுங்கி மடியில் வைத்தான்.

ஹெப்சிபா கத்துவார் என்று அவன் நினைக்கவில்லை. கத்தினார்.

“மாட்டுங்க சார் அதை. உங்களுக்கு மண்டையில ஒண்ணும் இல்லையா? நீங்க இந்தப் பதவியில இருக்கிறதுக்கு யாரு என்ன விலை குடுத்துருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? தூக்கி எறியிறீங்க.”

மக்கள் வரிப்பணத்தில் படிக்க வைத்துப் பயிற்சி கொடுத்ததைச் சொல்கிறார் என்று இளம்பரிதி நினைத்தான். மக்களுக்கு நான் வட்டியோடு உழைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான். அந்த அம்மாள் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அன்று மாலையே அவனுடைய அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் மாடியின் சங்கேதங்கள் எல்லாம் மாற்றப்பட்டன. அவன் தலைக்குள் இருந்த ரகசியங்கள் பழைய செய்தித்தாளாகிவிட்டதால் வெளிநாடு போகவும் தடை சொல்லவில்லை. கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தவன் ஒரு தட்டில் வைத்து நீட்டினான், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

தாமரைச்செல்வி அழவில்லை. பெட்டியை அடுக்கினாள். மன்னார்குடியில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவன் தடுக்கக்கூட முயலவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று திரும்பினாள்.

“தங்கச்சி கடனைத் தீர்க்கப் போறீங்க, சரி. உங்கம்மாவுக்கு நான் செஞ்சேனே, அந்தக் கடனை எந்த மெஷின்ல ஏத்துவீங்க?”

பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். வழியெல்லாம் தங்கையைக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூர் தீட்டிக்கொண்டே போனான்.

கிள்ளானில் ஒரு முருகன் கோயில் மண்டபத்தில் விசேஷம். வாழை மரம், நாதஸ்வரம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஊரில் மாதிரியே இருந்தன. வாசலில் மங்கை நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கண்டுகொண்டதில் தடுமாற்றம் ஒன்றும் இல்லை.

“வாண்ணே. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? உள்ள போயி ஒக்காரு. காப்பி குடுக்கச் சொல்றேன்” என்றாள். அவனுக்கு முன்னால் போன கிழவருக்கும் அவள் இதையேதான் சொன்னாள்.

இளம்பரிதி நகரவில்லை. சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்டான்.

“அம்மா செத்ததுக்கு ஏன் வரல?”

அவள் கோபப்படுவாள், அழுவாள், சாக்குச் சொல்வாள் என்று மூன்றுக்கும் அவன் தயாராக வந்திருந்தான். அவள் மூன்றையும் செய்யவில்லை.

“வரணும்னு தோணலண்ணே. வராதது தப்புன்னு தெரியுது. எல்லாரும் சொன்னாங்க. ஆனா தோணல.”

அவன் கை உயர்ந்துவிட்டது. அடித்துமிருப்பான். யாரோ பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்தார்கள். குணாளன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவன் அவனை மண்டபத்துக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே போய்த்தான் கையை விட்டான்.

“அவமேல கை வச்சா நடக்கிறது வேற மச்சான். பத்திரிகை அனுப்புனது நான். அவ இல்ல. நீங்க ஒரு போனாவது பேசுவீங்க, அந்தக் குரலைக் கேட்டா அவளுக்குள்ள ஏதாச்சும் அசையுமான்னு பார்க்கத்தான் அனுப்புனேன். நேர்ல எப்படி வந்தீங்க? வேலை?”

“விட்டுட்டேன்.”

குணாளன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டான்.

“விட்டுட்டீங்களா? அந்த வேலையையா?” என்றான். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா திரையில வந்தாங்க. ஹெப்சிபாவோ என்னவோ பேரு. உங்களுக்கு எண் அதிகமா வந்துருச்சு, பதவி போயிரும், இந்த முனை சுழியமானா நீங்க தப்பிச்சுக்குவீங்கன்னாங்க. இவ ஒரு நாள்கூட யோசிக்கல. நான் கத்துனேன், கால்ல விழுந்தேன். எங்கண்ணன் அந்த வேலைக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்கன்னுட்டா. அந்தத் தொப்பி இங்கயும் இருக்கு. காலையில போயி மாட்டிக்கிட்டு, சாயந்தரம் வந்து சோறாக்குனா. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. தெரிஞ்சா உங்க எண் ஏறிருமாம்.”

இளம்பரிதி சீர்த்தட்டை வண்டியின் மேல் வைத்தான்.

“அம்மா?” என்றான்.

“ஒண்ணை அறுத்தா ஒட்டிக்கிட்டு இருக்கிறதும் சேர்ந்து வரும்னு எந்தப் பாவியும் சொல்லல. நீங்க, அத்தை, அந்த வீடு, எல்லாம் அவளுக்கு ஒரே முடிச்சா இருந்துருக்கு. மொத்தமாப் போயிருச்சு. அத்தை செத்த சேதி வந்தப்ப அவ சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா. சரின்னு சொல்லிட்டு மிச்சத்தையும் பாத்தா. நான்தான் அந்த ராத்திரி பூரா அழுதேன்.” குணாளன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். குரலில் இருந்த விஷம் குறையவில்லை. “உங்களை எனக்குப் பிடிக்காது மச்சான். இன்னிக்கு மட்டும் இல்ல. ஆனா அவ தன்னைக் குடுத்து வாங்குன ஒண்ணாவது அங்க பத்திரமா இருக்குன்னு நெனச்சுத்தான் நாளை ஓட்டுனேன். அதையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே.”

உள்ளேயிருந்து தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். குணாளன் தட்டை எடுத்து அவன் கையில் திணித்தான்.

நறுமுகை என்று பெயர். ஐந்து வயது. இதற்கு முன் அவனைப் பார்த்ததில்லை என்றாலும் மடியில் தாராளமாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாவாடை பிடித்திருக்கிறதா என்று கேட்டான். குத்துகிறது என்றாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் காது குத்தியதும் வீறிட்டு அழுதாள். உடனே மங்கை ஓடி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, என் கண்ணுல்ல, என் ராசாத்தில்ல, முடிஞ்சிருச்சு முடிஞ்சிருச்சு என்று கொஞ்சினாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. அவள் முகம் இளம்பரிதியின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்ன வயதில் அவன் விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் அவள் அழுகிற அழுகை அதேதான். அது செத்துப் போகவில்லை, பிள்ளைக்கும் குணாளனுக்கும் இருக்கிறது, தனக்குத்தான் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அதுவரை அவன் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் போக இடம் இல்லாமல் நின்றது. இரண்டாவது காதும் குத்தியாயிற்று. பிள்ளையைக் குணாளன் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது இளம்பரிதியை ஒரு பார்வை பார்த்தான். வாயைத் திறக்காதே என்கிற பார்வை.

ஆனாலும் அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மங்கை, எல்லாம் மாப்பிள்ளை சொன்னாரு. ஏன் அப்படிப் பண்ணுனே?”

அவள் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு, நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டது போல அக்கறையாக யோசித்தாள்.

“நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்குண்ணே. அந்த நாற்காலியில ஒக்காந்தது, நீ பொழச்சுக்குவேன்னு நெனச்சது, எல்லாம் இருக்கு. அப்போ உம்மேல ரொம்பப் பாசமா இருந்துருப்பேன்போல.”

சொல்லிவிட்டு அவள் மறுபடி இலைகளைப் பார்த்தாள். விருந்தாளியிடம் பேச்சைப் பாதியில் விடுவது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். நிமிர்ந்து கேட்டாள்.

“வேலையெல்லாம் எப்படிப் போகுது? இன்னும் அங்கேதானே?”

“அங்கேதான்” என்றான் இளம்பரிதி. “நல்லாப் போகுது மங்கை.”

“நல்லது” என்றாள் அவள். “சாப்ட்டுட்டுப் போண்ணே.” அடுத்த பந்திக்கு ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை உட்கார வைக்கப் போனாள்.